கவிழாத கப்பல்

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. நல்ல புத்திமதிதான். ஆனால் கவிழாத கப்பலை என்ன செய்வது என்று அவர்கள் யாரும் சொல்லி வைக்கவில்லை. புயலுக்குத் தப்பி, பாறைக்குத் தப்பி, எதிரியின் குண்டுக்கும் தப்பிக் கிழடாகித் துறைமுகத்தில் வந்து நிற்கிறதே ஒரு கப்பல், அதன் கதி என்ன? கவிழ்ந்த கப்பலைப் பற்றிக் கதைகள் உண்டு, பாட்டுக்கள் உண்டு. கவிழாத கப்பலுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஏலக்காரனின் சுத்தியல் சத்தந்தான்.

அப்படி ஏலத்துக்குப் போகாமல், ஜனங்கள் ஏறிப் பார்ப்பதற்கென்று காப்பாற்றி வைக்கப்பட்ட கப்பல்களும் உலகில் சில இருக்கின்றன. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் துறையில் நெல்ஸனுடைய 'விக்டரி' 1922 முதல் தண்ணீரில்லாத துறையில் நிற்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 'கான்ஸ்டிட்யூஷன்' மிதக்கிறது. இவை இரண்டும் பிரசித்தமானவை. நான் சொல்லப் போவது அவ்வளவு பிரசித்தமில்லாத ஒரு கப்பலைப் பற்றி. அது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்லிபூல் என்ற ஊரில் இருக்கிறது. அதன் பெயர் 'டிரிங்கோமலி'.

ஆம், வாசகர்கள் ஊகித்தது சரிதான். கோணேசர் கோயில் கொண்டிருக்கும் திருகோணமலையைத்தான் வெள்ளைக்காரர்கள் அப்படி உச்சரித்தார்கள். 1795-ல் டச்சுக்காரர்களிடமிருந்து அந்தத் துறைமுகத்தைப் பிடுங்கிக் கொண்டவர்கள், பிற்பாடு ஒரு போர்க்கப்பலுக்கும் அந்தப் பெயரையே சூட்டினார்கள். இங்கிலாந்துக்குப் போயிருந்த ஒரு கோடையில், பெயரின் மேல் எழுந்த ஆசையினாலேயே நான் அதைப் போய்ப் பார்த்தேன். அதன் மூக்கில் தலைப்பாகை கட்டிய ஒரு மனிதனின் சிலை கடலைப் பார்த்துக் கொண்டிருக்கிறது. அத்தனை தூரத்தில் ஒரு தலைப்பாகையைக் கண்டதும், ஊர்க்காரரைச் சந்தித்தது போல் இருந்தது எனக்கு.

இந்தக் கப்பல் பிறப்பதற்கு முன்பே அதற்கு ஒரு கண்டம் வந்துவிட்டது. நெப்போலியனோடு நடந்த நீண்ட யுத்தத்தில் கப்பல் கட்டிக் கட்டி, இங்கிலாந்தில் நல்ல ஓக் மரம் கிடைப்பது அருமையாகிவிட்டது. மலையாளக் கரையிலோ தேக்கு மரம் காடாக வளர்ந்து கிடந்தது. ஆகவே பம்பாயிலேயே கட்டச் சொல்லி 1812-ல் உத்தரவு போட்டார்கள். கப்பலின் வரைபடங்களை 'ஜாவா' என்ற போர்க்கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அச்சமயம் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் யுத்தம். பிரேஸில் கரைக்கு அப்பால் 1812 டிசம்பர் 29-ந் தேதி, மேலே சொன்ன அதே 'கான்ஸ்டிட்யூஷன்' ஜாவாவை வழிமறித்து நொறுக்கிவிட்டது. தங்கள் சுக்கான் சக்கரம் சண்டையில் உடைந்து போனதால், அமெரிக்கர்கள் ஜாவாவின் சக்கரத்தைக் கழற்றித் தங்கள் கப்பலில் மாட்டிக் கொண்டார்கள். பிறகு ஜாவாவுக்குத் தீ வைத்துவிட்டார்கள். பிறக்காத குழந்தையின் ஜாதகம் கடலோடு போயிற்று. லண்டனிலிருந்து மறுபடியும் வரைபடம் வரவேண்டியதாயிற்று.

பம்பாயில் கப்பல் கட்டியவர்கள் வாடியா குடும்பத்துப் பார்ஸிகள். சூரத்திலிருந்து வந்த லோவ்ஜி நஸர்வான்ஜி என்ற தச்சர் தொடங்கிய பரம்பரை அது. அவர்கள் 1813-ல் கட்டிக் கொடுத்த 'கார்ன்வாலிஸ்' என்ற கப்பலில்தான், 1842-ல் சீனாவும் இங்கிலாந்தும் நான்கிங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. டிரிங்கோமலியைக் கட்டியபோது தலைமைத் தச்சராக இருந்தவர் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. 1816-ல் அடிமரம் போட்டார்கள். பார்ஸி சம்பிரதாயப்படி அதில் ஒரு வெள்ளி ஆணியை அடித்தார்கள். 1817 அக்டோபர் 12-ந் தேதி கப்பல் தண்ணீரில் இறங்கியது. நீளம் 150 அடி. அகலம் 40 அடிக்குச் சற்றுக் குறைவு. செலவு சுமார் 23,000 பவுன்.

எல்லாம் சரி. ஒன்றுதான் சரியில்லை. கப்பல் தயாரானபோது யுத்தம் முடிந்து இரண்டு வருஷமாகியிருந்தது! நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் கைதியாக உட்கார்ந்திருந்தான். இங்கிலாந்துக்குப் போகும் வழியில், 1819 ஜனவரியில், டிரிங்கோமலி அந்தத் தீவில் சில நாள் தங்கியது. நெப்போலியனுக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஸ்டோகோ என்ற டாக்டரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. யாரோடு நடந்த யுத்தத்தை எண்ணிக் கட்டினார்களோ, அவனுடைய வைத்தியரைச் சுமந்து வந்ததுதான் அதற்குக் கிடைத்த முதல் காரியம்.

போர்ட்ஸ்மத் வந்து சேர்ந்ததும் பாய்மரங்களைக் கழற்றி, மேலே கூரை போட்டுத் தூங்க வைத்துவிட்டார்கள். 1845 வரையில் தூக்கம். பிறகு எழுப்பி, பீரங்கிகளை 26-ஆகக் குறைத்து, 1847-லிருந்து மூன்று வருஷம் வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் பக்கமும், 1852-லிருந்து ஐந்து வருஷம் பசிபிக் சமுத்திரத்திலும் வேலை வாங்கினார்கள். பெரிய கடற்போர் எதையும் அது பார்க்கவில்லை. நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டன. படைக்கு ஆள் பழக்கும் கப்பலாக ஊர் ஊராய்க் கொஞ்ச காலம் நின்றது. கடைசியில் 1897-ல் உடைப்பதற்கு விற்றார்கள்.

இங்கேதான் வீட்லி காப் என்ற மனிதர் வருகிறார். பழைய கப்பல்கள் என்றால் அவருக்கு உயிர். நெல்ஸன் ஒரு காலத்தில் கொடியேற்றி நின்ற 'ஃபூட்ராயன்' என்ற கப்பலை, உடைக்கப் போன இடத்திலிருந்து மீட்டு வாங்கியிருந்தார். ஆனால் பழைய கப்பலை வைத்துக் கொள்வதென்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற விவகாரம். ஆகவே கடற்கரை ஊர்களுக்கெல்லாம் அதை இழுத்துச் சென்று, டிக்கெட் போட்டு ஜனங்களுக்குக் காட்டினார். 1897 ஜூன் மாதம் பிளாக்பூல் என்ற ஊரில் காட்டிக் கொண்டிருந்தபோது புயல் வந்து, கப்பலைக் கரையில் தூக்கிப் போட்டு உடைத்துவிட்டது. வேறொருவராயிருந்தால் கன்னத்தில் கை வைத்திருப்பார். காப் உடைந்த மரத்திலும் செம்பிலும் நினைவுப் பொருள்கள் செய்து விற்றார். அதே வருஷம் டிரிங்கோமலியை வாங்கினார். போன கப்பலின் பெயரை வந்த கப்பலுக்கு வைத்தார். அது முதல் 1986 வரையில், முதலில் ஃபால்மத்திலும் பிறகு போர்ட்ஸ்மத்திலுமாக, சிறுவர்களுக்கும் பின்னாளில் சிறுமிகளுக்கும் கடல் வாழ்க்கை பழக்கும் கப்பலாக அது இருந்தது. பிள்ளைகள் அதிலேயே தூங்கினார்கள், சமைத்தார்கள், தளம் தேய்த்தார்கள், படகு தள்ளினார்கள்.

இந்தச் சில்லறை வேலைகளை நான் காரணத்தோடுதான் சொல்கிறேன். மரக்கப்பலின் ஆயுள் இந்தச் சில்லறை வேலைகளில்தான் இருக்கிறது.

மரக்கப்பலுக்குக் கடல் நீர் அவ்வளவாக விரோதியில்லை. மழை நீர்தான் விரோதி. உப்பு நீரில் மரத்தை உளுக்க வைக்கும் காளான் சுலபமாக வளராது. மேல்தளத்து இடுக்கு வழியாக இறங்கும் மழைத் தண்ணீர், காற்றோட்டமில்லாத மூலையில் தேங்கினால் போதும். பத்து வருஷத்தில் தூண் போன்ற சட்டம் விரலால் கிள்ளுகிற பதத்துக்கு வந்துவிடும். இதனால் சில மரக்கப்பல்களில் விலாச் சட்டங்களுக்கு நடுவே, நாம் ஊறுகாய் போடுவதுபோல், உப்பைக் கொட்டி வைப்பது வழக்கமாயிருந்தது. மறுபுறம், மழையே இல்லாமல் வெயில் காய்ந்தாலும் ஆபத்து. பலகை சுருங்கி இடுக்கு விரியும். ஆகவே தினந்தோறும் தளத்தில் கடல் நீரை இறைத்து நனைக்க வேண்டும். அக்காலத்து மாலுமிகள் முழங்காலிட்டு மணற்கல்லால் தளத்தைத் தேய்த்தார்கள். முழங்காலிட்டுச் செய்யும் வேலையாதலால், பெரிய கல்லுக்கு பைபிள் என்றும் சின்னக் கல்லுக்கு ஜெபப் புஸ்தகம் என்றும் பெயர் வைத்திருந்தார்கள்.

பலகைகளின் இடுக்கில் தார் தோய்ந்த சணல் நாரை உளியால் அடித்துத் திணித்து, மேலே கீல் காய்ச்சி ஊற்ற வேண்டும். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்கு வந்து சேர்வதற்குள் ஆரம்பித்த இடம் மறுபடி விட்டுப் போயிருக்கும். கயிறுகளுக்கு மர எண்ணெய்த் தார் பூச வேண்டும். தண்ணீருக்கடியில் கப்பற்புழு என்ற ஜந்து மரத்தைத் துளைக்கும். உண்மையில் அது புழு அல்ல. சிப்பி வகையைச் சேர்ந்தது. அதைத் தடுக்கச் செப்புத் தகடு வேய வேண்டும். கப்பலின் நடுப்பகுதியைத் தண்ணீர் தாங்குகிற அளவுக்கு மெலிந்த முனைகளைத் தாங்காது. வருஷக்கணக்கில் சும்மா நின்றால் இரு முனைகளும் தொய்ந்து, முதுகு வளைந்துவிடும். நெருப்புப் பயம் வேறு. 2007-ல் கிரீனிச்சில் 'கட்டி ஸார்க்' என்ற பழைய தேயிலைக் கப்பல் ரிப்பேரில் இருந்தபோது தீப்பிடித்தது. ரிப்பேருக்காகப் பல பாகங்களைக் கழற்றி வைத்திருந்ததுதான் அதைக் காப்பாற்றியது.

தேக்கு இதையெல்லாம் கொஞ்சம் பொறுத்துக் கொள்ளும். அதில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது. ஓக் மரத்தில் இருப்பது துவர்ப்பு. கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுத்துப் போவது நமக்குத் தெரியுமல்லவா? அதே போல ஓக் மரம் தன்னில் அடித்த இரும்பு ஆணியை மெல்ல மெல்லத் தின்றுவிடும். தேக்கு அப்படியல்ல, ஆணியைப் பாதுகாக்கும். 'டீக்' என்று இங்கிலீஷ்காரன் சொல்வது நம் பக்கத்துத் 'தேக்கு' என்ற சொல்லிலிருந்து போனதுதான். மரத்தோடு பெயரையும் ஏற்றுமதி செய்திருக்கிறோம்.

மரத்தின் வித்தியாசம் மட்டுமா ஒரு கப்பலின் விதியை நிர்ணயிக்கிறது? போர்ட்ஸ்மத்தில் டிரிங்கோமலிக்குப் பக்கத்திலேயே கட்டிக் கிடந்த 'இம்ப்ளாக்கபிள்' என்ற கப்பலின் கதையைக் கேளுங்கள். அது 1800-ல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. 1805-ல் டிரஃபால்கர் சண்டையில் நெல்ஸனை எதிர்த்து நின்றுவிட்டுத் தப்பி ஓடியது. இரண்டு வாரத்துக்குள் ஆங்கிலேயர்களிடம் அகப்பட்டது. நூறு வருஷத்துக்கு மேல் அவர்களுக்கு ஊழியம் செய்தது. இதையும் காப்தான் காப்பாற்றி வைத்தார். இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது அது ரொம்பவும் சீர்குலைந்திருந்தது. ரிப்பேருக்குப் பெருந்தொகை கேட்டார்கள். யுத்தத்தில் இளைத்துப் போன தேசம், ரொட்டிக்கே ரேஷன். கொடுக்க யாருக்கும் மனமோ பணமோ இல்லை. 1949 டிசம்பர் 2-ந் தேதி அந்தக் கிழக் கப்பலை நடுக்கடலுக்கு இழுத்துச் சென்று, பிரெஞ்சுக் கொடியையும் ஆங்கிலக் கொடியையும் சேர்த்துப் பறக்கவிட்டு, வெடி வைத்தார்கள். வெடி வைத்த பிறகும் அது உடனே முழுகவில்லை. வெகு நேரம் மிதந்து கொண்டிருந்து, அப்புறந்தான் போயிற்று.

அது முழுகியதை ஜனங்களால் ஜீரணிக்க முடியவில்லை. சில வருஷங்களில் 'கட்டி ஸார்க்'கைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டபோது, தேசம் செவி சாய்த்ததற்கு இந்த மனச்சாட்சியும் ஒரு காரணம். 1979-ல் பழைய கப்பல்களைக் காப்பதற்கென்று உலக அளவில் ஒரு சங்கம் ஏற்பட்டபோது, 'இம்ப்ளாக்கபிளைப் போல் இனி ஒருபோதும் வேண்டாம்' என்பதையே அது தன் தாரக மந்திரமாக வைத்துக் கொண்டது.

டிரிங்கோமலிக்கு அந்தக் கதி வரவில்லை. 1987-ல் அதை ஹார்ட்லிபூலுக்குக் கொண்டு போனார்கள். 1990-ல் தொடங்கிய சீர்திருத்த வேலை 2001-ல் முடிந்தது. 1992-ல் பழைய பெயரும் திரும்பி வந்தது. செலவு 1 கோடியே 5 லட்சம் பவுன். கட்டினபோது 23,000! இருநூறு வருஷத்துப் பண மதிப்பு வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும், பிள்ளை பெறுவதைக் காட்டிலும் பாட்டியைக் காப்பாற்றுவதற்குத்தான் செலவு அதிகம் போலும்.

இப்போது அதில் ஏறுகிறவர்கள் பாய்மரத்தடியிலிருந்து அடித்தட்டு வரையில் போகலாம். மாலுமிகள் படுத்த தட்டில் குனிந்துதான் நடக்க வேண்டும். நிமிர்ந்தால் உத்திரம் தலையில் ஞாபகப்படுத்தும். சுமார் 300 பேருக்குக் கணக்குப் போட்ட கப்பல். அக்காலத்துப் பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு மாலுமியின் கித்தான் தூளிக்கு விதிப்படி விட்ட இடம் 14 அங்குலம். பாதிப் பேர் காவலில் இருப்பதால் பக்கத்துத் தூளி காலியாயிருக்கும்; அதனால் 28 அங்குலம் கிடைக்கும். அதுவே பெரிய பாக்கியம். வாரத்தில் நான்கு நாள் உப்பிட்ட மாமிசம். மற்ற மூன்று நாட்களுக்கு 'பனியான் நாள்' என்று பெயர். மாமிசம் தொடாத நம் குஜராத்தி பனியாக்களின் பெயரை வைத்துத் தங்கள் பட்டினியைக் கேலி செய்து கொண்டார்கள். சேனியர்களோ சேட்டுகளோ, யாரும் கனவிலும் நினைத்திராத புகழ்!

பார்க்க வருகிறவனும் கப்பலுக்கு ஒரு சுமைதான். அவன் செருப்பு பலகையைத் தேய்க்கிறது. அவன் கை கைப்பிடியின் வர்ணத்தைத் துடைக்கிறது. ஆனால் அவன் கொடுக்கும் டிக்கெட் காசுதான் மறுபடி வர்ணம் பூசுகிறது. தேய்ப்பவனும் அவனே, பூசுவதற்குக் கொடுப்பவனும் அவனே.

இத்தனை ரிப்பேருக்குப் பிறகு அது பழைய கப்பல்தானா என்று ஒரு கேள்வி வரும். டிரிங்கோமலியில் பம்பாய்த் தச்சர்கள் வைத்த மரம் பாதிக்கு மேல் இன்றும் இருக்கிறது. 'கான்ஸ்டிட்யூஷ'னில் 1797-ன் மரம் பத்தில் ஒரு பங்கோ, சற்றுக் கூடவோதான். மேல்நாட்டுத் தத்துவ சாஸ்திரிகள் இதைப் பற்றி வெகு காலமாக விவாதிக்கிறார்கள். நமக்கு அதில் சிரமமில்லை என்று நினைக்கிறேன். நம் ஊர்த் தேருக்கு அச்சு மாற்றுகிறோம், சக்கரம் மாற்றுகிறோம், இற்றுப் போன பொம்மையை எடுத்துப் புதுப் பொம்மை வைக்கிறோம். யாராவது, "இது வேறு தேர்" என்கிறார்களா? வருஷா வருஷம் நாலு வீதியும் சுற்றி வருகிற வரையில் அது அதே தேர்தான். என்றைக்கு வடம் பிடிக்க ஆள் வரவில்லையோ, அன்றைக்குத்தான், மரமெல்லாம் அப்படியே இருந்தாலும், அது தேராக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

அமெரிக்கர்கள் இதைப் புரிந்து வைத்திருக்கிறார்கள். 'கான்ஸ்டிட்யூஷன்' இன்றும் கடற்படைக் கப்பல். சம்பளம் வாங்கும் மாலுமிகள் அதில் இருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு அவர்களே சுற்றிக் காட்டுகிறார்கள். காலையில் கொடி ஏற்றும்போதும் மாலையில் இறக்கும்போதும் பீரங்கி வெடிக்கிறது. வருஷத்தில் சில தடவை துறைமுகத்தைச் சுற்றி வருகிறது. ஒரே பக்கம் வெயிலும் காற்றும் படாமலிருக்க, தோசையைத் திருப்பிப் போடுவதுபோல், கப்பலைத் திருப்பிக் கட்டுவதற்கு ஏற்பட்ட வழக்கம் அது. இந்தியானா மாகாணத்தில், கடற்படைக்குச் சொந்தமான காட்டில், இந்த ஒரு கப்பலின் பிற்கால ரிப்பேருக்கென்றே வெள்ளை ஓக் மரங்களை ஒதுக்கி வளர்க்கிறார்கள். இன்று அங்கே முளைக்கிற கன்று உத்திரமாகும்போது, அதற்குத் தண்ணீர் விட்டவன் இருக்க மாட்டான்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு வேறொரு கப்பலின் ஞாபகம் வருகிறது. டிரிங்கோமலி பிறந்த அதே பம்பாயில் அதைப் பார்த்தேன். 'விக்ராந்த்' என்ற நமது முதல் விமானந்தாங்கிக் கப்பல். 1961-ல் நம் படையில் சேர்ந்தது. 1971 யுத்தத்தில் வங்காள விரிகுடாவில் நின்று, அதன் விமானங்கள் சிட்டகாங், காக்ஸ் பஜார் துறைமுகங்களைத் தாக்கின. 1997-ல் ஓய்வு கொடுத்தார்கள். பிறகு மிதக்கும் பொருட்காட்சி சாலையாகப் பல வருஷம் இருந்தது. நான் போனபோது அதன் மேல்தளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைகளை விரித்துக் கொண்டு விமானமாக ஓடினார்கள். ஓரங்களில் துரு பூத்திருந்தது. 2012-ல், இனி ஆட்கள் ஏறுவது அபாயம் என்று மூடினார்கள். அதை நிரந்தரமாக வைத்துப் பராமரிக்க யாரும் முன்வரவில்லை. 2014-ல் ஏலம் போட்டார்கள், உடைத்தார்கள். அதன் இரும்பில் கொஞ்சம் மோட்டார் சைக்கிளாகி ரோட்டில் ஓடியது. 2022-ல் கொச்சியில் கட்டிய புதிய கப்பல் அந்தப் பெயரை ஏற்றுக் கொண்டது. பெயர் பிழைத்தது, கப்பல் பிழைக்கவில்லை.

யாரையும் குற்றம் சொல்வது என் நோக்கமல்ல. பசித்த வயிறு பல உள்ள தேசத்தில், துருப்பிடித்த இரும்புக்குக் கோடிகள் கொடுப்பதா என்று கேட்பவர்கள் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. 1949-ல் இங்கிலாந்தும் அதைத்தான் கேட்டது. ஆனால் பதிலைச் சொன்னது பிற்காலம். கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்று என்று யாருக்கும் ஞாபகமில்லை. முழுகிய கப்பல் மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது.

பழம் பொருளைக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவது சுலபம். திறப்பு விழாவுக்கு நாடா வெட்டுவதும் சுலபம். கோயிலுக்கு விளக்கேற்றுவது போல, கப்பலுக்கும் தினசரி நியமம் ஒன்று வேண்டும். விசாகப்பட்டணம் கடற்கரையில் 'குர்சுரா' என்ற நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி 2002-ல் காட்சிக்கு வைத்தார்கள். அங்கே பழைய கடற்படைக்காரர்களே வழிகாட்டிகளாக நின்று, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லுகிறார்கள். நம்மாலும் ஆகாத காரியமில்லை.

ஆகவே அடுத்த முறை ஒரு பழைய கப்பலையோ, மண்டபத்தையோ, மாளிகையையோ காப்பாற்றுவோம் என்று யாராவது சொன்னால், எவ்வளவு செலவாகும் என்பதோடு இன்னொன்றையும் கேட்டு வைத்துக் கொள்வது நல்லது. திறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில் விளக்குமாற்றோடும் வாளித் தண்ணீரோடும் வரப் போகிறவர் யார்? அவருடைய பெயர் தெரிந்துவிட்டால் கப்பல் பிழைத்துக் கொள்ளும்.